போஸ்ட் ஆபீஸ் போறது யாரு? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

மூணு வருஷமா உங்க சைட்டைப் படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. இன்ஜினியரிங் முடிச்சு ரெண்டு வருஷம் ஐடில இருந்துட்டு, போன வருஷம் ஒரு என்ஜிஓல சேந்தேன். நல்லாட்சி, மக்கள் பங்கேற்பு, இதான் அவங்க சப்ஜெக்ட். சம்பளம் பாதியாகும்னு தெரிஞ்சுதான் போனேன், அதுல வருத்தம் இல்ல. ஆனா எட்டு மாசமா நான் பண்றது எக்செல் ஷீட், பிபிடி, காசு குடுக்கற டோனருக்கு ரிப்போர்ட். கிராம சபைக்கு வாங்கன்னு மக்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கிறோம், அங்க போய் பாத்தா நூறுநாள் வேலைக்காரங்க மட்டும் வந்து கையெழுத்துப் போட்டுட்டு கிளம்பிடறாங்க. "சோசியல் சர்வீஸெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் பாத்துக்கலாம்"ங்கறார் அப்பா. "எல்லாம் ஃபாரின் காசு"ங்கறார் மாமா. இந்த மாதிரி இடத்துல வேலை பாக்கறவங்க நெஜமா எதையாவது மாத்தியிருக்காங்களா, இல்ல நாங்கல்லாம் சம்பளத்துக்கு நல்லவங்களா நடிக்கிறோமா? பேர் போட வேண்டாம்.

*

பேர் போடலைங்க.

அப்பா இத சோசியல் சர்வீஸ்னு சொல்றாருல்ல, அங்கதான் எனக்கு இடிக்குது. நான் பாத்த வரைக்கும் இது குமாஸ்தா வேலை. ஜனங்களுக்குக் கணக்குப்பிள்ளையா இருக்கற வேலை.

2008 வாக்குல ஒரு மாவட்டத் தலைநகர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடில இருந்த ஒரு ஆபீஸ்ல ரெண்டு மாசம் மனு எழுதிக் குடுத்துட்டு இருந்தேன். லட்சியம்லாம் ஒண்ணும் கிடையாது, கைல வேற வேலை இல்ல. அங்க ஒரு அக்கா இருந்துச்சு. ஆர்டிஐ மனுவுல, அதாவது அரசாங்கத்துக்கிட்ட தகவல் கேக்கற மனுவுல, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டறது, போஸ்ட் ஆபீஸ் போய் ரிஜிஸ்டர் தபால் போடறது, ஒப்புகை அட்டை திரும்பி வந்தா மனு நகலோட சேத்து குண்டூசி குத்தி வைக்கறது, எல்லாம் அதோட வேலை. சுவத்துல பாத்திரக்கடைல குடுத்த தினசரி காலண்டர் ஒண்ணு தொங்கும். அட்டைல இருக்கற தேதியில இருந்து, பதில் வர வேண்டிய முப்பது நாள எண்ணி, தாளுங்களத் தூக்கி அந்தத் தேதில, ராகுகாலம் எமகண்டத்துக்குக் கீழ, பென்சில்ல எழுதி வைக்கும்: "யூனியன் ஆபீஸ், ரோடு, பதில் இல்லன்னா அப்பீல்". காலைல வந்து முதநாள் தாளைக் கிழிக்கும்போது புதுத் தாள்ல ஏதாவது எழுதியிருந்தா, டீ குடிக்கறதுக்கு முன்னாடியே அப்பீல் டைப் அடிக்கச் சொல்லும். நான் ஒருநாள் அவசரத்துல ரெண்டு தாளைச் சேத்துக் கிழிச்சிட்டேன். அப்பீல் போடவும் முப்பது நாள் டைம் இருக்கறதால தப்பிச்சேன், ஆனா அக்கா ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

ஒரு தடவ வந்த பதில்ல, பக்கத்துத் தெருவுல மழைநீர் வடிகால் கட்டி முடிச்சாச்சுன்னு பில் நகல் இருந்துச்சு. அந்தத் தெருவுல வடிகாலே கிடையாது. அக்கா அந்த ஜெராக்ஸ எடுத்துட்டுப் போயி அங்க டீக்கடை வாசல்ல நின்னு சத்தமா படிச்சுது, நீளம் இவ்வளவு, சிமெண்ட் மூட்டை இவ்வளவுன்னு. ஒரு மாசத்துல ஜேசிபி வந்துருச்சு. தோண்டிப் போட்டுட்டுப் போனவங்க ஆறு மாசம் திரும்பி வரல, தெருக்காரங்க மொத்தப் பேரும் அக்காவத் திட்டுனாங்க.

இந்த சத்தமா படிக்கற விஷயம் ராஜஸ்தான்ல இருந்து வந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், எம்கேஎஸ்எஸ், கூலிக்காரங்களும் விவசாயிகளும் சேந்த சங்கம். அருணா ராய் சென்னைல பொறந்தவங்க, 1968ல ஐஏஎஸ் ஆகி எழுபதுகள்லயே அத விட்டுட்டு வெளிய வந்தவங்க. அவங்களும் நிகில் டேவும் சங்கர் சிங்கும் 1987ல தேவ்டுங்ரிங்கற கிராமத்துல ஒரு மண் வீட்டுல போயி குடியிருக்காங்க. 1990 மே 1ல சங்கதன் ஆரம்பிக்குது. அங்க பிரச்சனை என்னன்னா பஞ்ச நிவாரண வேலைக்குப் போற ஆளுங்களுக்குக் குறைஞ்சபட்சக் கூலி முழுசா வராது, ஏன்னு கேட்டா நீ வேலையே சரியா செய்யல, ரெக்கார்டுல அப்படித்தான் இருக்குன்னு சொல்லுவாங்க, சரி அந்த மஸ்டர் ரோலை, யார் எத்தன நாள் வந்தாங்கன்னு எழுதற பதிவேட்டைக் காட்டுன்னா அது அரசாங்க ரகசியம்பாங்க. மம்பட்டி புடிச்சவன் எத்தன நாள் புடிச்சான்ங்கறது ராணுவ ரகசியம்!

1994 டிசம்பர் 2, கோட்கிரானாங்கற ஊர்ல பந்தல் போட்டு, எப்படியோ கைக்கு வந்த பேப்பர்கள மைக்ல படிச்சாங்க. ஜன் சுன்வாயின்னு பேரு, மக்கள் விசாரணை. இன்னார் இத்தன நாள் வேலை பாத்தார், இவ்வளவு கூலி வாங்கினார்னு படிக்கப் படிக்க, அந்த ஆளே எந்திரிச்சு நான் அந்தப் பக்கமே போகலியேன்னு சொல்றார். பந்தலுக்கு எதிர்லயே பட்வாரிக்குன்னு, அதாவது அந்த ஊர் கணக்குப்பிள்ளைக்குன்னு, கட்டுற கட்டடம் நிக்குது, கூரை கிடையாது, கதவு ஜன்னல் கிடையாது, பேப்பர்ல அது கட்டி முடிஞ்சிருச்சு. படிக்கறவர் கைல பேப்பர், கேக்கறவங்க கண்ணு முன்னாடி கட்டடம். பேச்சாளர் எதுக்கு?

அப்புறம் நடந்தது நெறைய பேருக்குத் தெரியும். 1996 ஏப்ரல்ல பியாவர் டவுன்ல 40 நாள் தர்ணா, "நம்ம பணம், நம்ம கணக்கு"ங்கற கோஷம். நாலாங்கிளாஸ் படிச்ச சுசீலாங்கற சங்கதன் அம்மா, நிருபர்கள் உனக்கெதுக்கும்மா தகவல்னு கேட்டப்ப, பையன் கைல பத்து ரூபா குடுத்து கடைக்கு அனுப்பினா கணக்கு கேக்கறேன்ல, என் பேர்ல சர்க்கார் கோடி கோடியா செலவு பண்ணுதே அதுக்குக் கேக்கக் கூடாதான்னு திருப்பிக் கேட்டது. 2005 அக்டோபர் 12ல நாடு முழுக்க ஆர்டிஐ. (தமிழ்நாடு 1997லயே முதல் மாநிலமா தகவல் உரிமைச் சட்டம் கொண்டு வந்துருச்சுன்னு நாம பெருமை பேசிக்கலாம். அதுல எதெல்லாம் தர முடியாதுங்கற பட்டியல் இருந்த நீளத்துக்கு, பெருமைய அளவாத்தான் பேசணும்.) நூறுநாள் வேலைச் சட்டத்துல சமூகத் தணிக்கை, அதாவது ஜனங்களே கணக்கச் சரிபாக்கறது, உள்ள வந்தது கூட அந்தப் பந்தல்ல இருந்துதான். ஆக எதையாவது மாத்தியிருக்காங்களான்னு கேட்டீங்கல்ல, நீங்க கிராம சபைல பாத்த அந்த நூறுநாள் வேலைக்காரங்க கணக்கக் கேக்கறதுக்கு இன்னிக்கு சட்டம் இருக்கே, அது இவங்க மாத்துனது.

மாத்துனது அப்படியே நிக்குதான்னா, அதுவும் இல்ல. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துல ஆர்டிஐயோட 8(1)(ஜே) பிரிவை வெட்டிட்டாங்க. பெரிய பொதுநலன் இருந்தா தனிப்பட்ட தகவலையும் தரலாம்னு அந்தப் பிரிவுக்குள்ளயே இருந்த வரி போச்சு. மஸ்டர் ரோல்ல இருக்கற பேர் தனிப்பட்ட தகவல்னு நாளைக்கு ஒரு அதிகாரி பதில் எழுதினா, கோட்கிரானா பந்தல்ல எதப் படிக்கறது?

மாமா விஷயம். ஃபாரின் காசு வாங்காத ஆளுங்க இருக்காங்க, எம்கேஎஸ்எஸ்ஸே வாங்கறதில்ல, முழுநேர ஊழியர்களும் குறைஞ்சபட்சக் கூலியளவுக்குத்தான் எடுத்துக்கறாங்க. வாங்கறவங்க எல்லாரும் திருடன்னு நெனைக்கற மாமாவுக்கு இதச் சொல்லுங்க: வெளிநாட்டு நிதிச் சட்டத்த 2020ல திருத்துனதுக்கப்புறம் அந்த நிதில நிர்வாகச் செலவு 20 சதவீதத்தத் தாண்டக் கூடாது, முன்ன 50 வரைக்கும் இருந்துச்சு, பணம் டெல்லில எஸ்பிஐயோட ஒரே ஒரு கிளைல வந்துதான் இறங்கணும். பாதி பிசினஸ்காரங்களுக்கு இவ்வளவு கட்டு கிடையாது. அதே சமயம், கூலியளவு சம்பளத்த ஒரு தகுதிப் பரீட்சை மாதிரி ஆக்கறவங்கள எனக்குப் பிடிக்காது. சென்னைல வாடகை குடுத்து இருக்கற பொண்ணோ பையனோ நியாயமான சம்பளம் கேட்டா, ஏதோ பாவம் பண்ணிட்ட மாதிரி பாக்கற பெரியவங்க இந்த ஃபீல்டுல உண்டு. அவங்களுக்குப் பெரும்பாலும் சொந்த வீடு இருக்கும்.

உங்க எக்செல் ஷீட்டுக்கு வரேன். அதுல யார் பேர் இருக்கோ அவங்க அத ஒரு தடவயாவது பாத்திருக்காங்களா? டோனர் பாத்திருப்பார், உங்க டைரக்டர் பாத்திருப்பார். நீங்க நடிக்கிற மாதிரி ஃபீல் பண்றது அதனாலதான்னு எனக்குத் தோணுது, அது நியாயமான ஃபீலிங்தான். ட்ரெய்னிங் ஹால்ல சமோசா குடுத்து கிராம சபைன்னா என்னன்னு சொன்னா யாரும் வர மாட்டாங்க, நானே வர மாட்டேன். அடுத்த கிராம சபைக்கு மூணு நாள் முன்னாடி, ஒரே ஒரு வேலையோட பில் நகல எடுத்துக்குங்க, அந்த வேலை எந்தத் தெருவுலயோ அங்க தண்ணி புடிக்கற நேரமா போயி படிங்க. ஷீட்டை அப்புறம் ஃபில் பண்ணிக்கலாம். திட்டு விழும், ஜேசிபி வந்து தோண்டிப் போட்டா இன்னும் விழும்.

இன்னொண்ணு தெரிஞ்சுக்க ஆசை. உங்க ஆபீஸ்ல போஸ்ட் ஆபீஸ் போறது யாரு? இல்ல இப்ப எல்லாம் ஆன்லைன்தானா, அப்படின்னா முப்பதாவது நாள யார் எண்றாங்க? அடுத்த கடிதத்துல எழுதுங்க.