மேட்டூர்க் கணக்கில் சிங்கப்பூர்

கேள்வி: என் மகள் சிங்கப்பூரில் வீடு வாங்கப் போகிறாள். அங்கே பெரிய ஆறு கிடையாது, வயல் கிடையாது, கூட்டம் மட்டும்தான் என்கிறார்கள். மலேசியா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டால் என்ன செய்வார்கள்?
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. அந்தக் குழாயை நினைத்து உங்களுக்கும் முன்பே தூக்கம் கெட்டவர்கள் அந்த ஊர் அரசாங்கத்தார்.

பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூருடன் போட்ட 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றில் சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். மேட்டூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த சேலத்துக்காரன் நான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 14.6 டி.எம்.சி. வருகிறது. 93.47 டி.எம்.சி. கொள்ளும் நம் அணையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை! விலை ஆயிரம் கேலனுக்கு 3 சென் (மலேசியக் காசு; நூறு சென் ஒரு ரிங்கிட்). அதில் கொஞ்சத்தைச் சுத்திகரித்து ஜொகூருக்கே 50 சென்னுக்குத் திருப்பி விற்கிறார்கள். மலேசியாவில் இதைச் சொல்லி அவ்வப்போது யாராவது பொருமுவார்கள். சுத்திகரிக்கும் செலவே அதைவிட அதிகம் என்பது சிங்கப்பூரின் பதில்.

ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதற்காக 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்த 'நியூவாட்டர்', 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2008இல் கடலைத் தடுத்து மழைநீரைத் தேக்கும் மரீனா தடுப்பணை என்று வரிசையாகச் செய்துவிட்டார்கள். கழிவுநீரா என்று முகம் சுளிக்காதீர்கள். அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரியில் சீமைக்கருவேலம் வளரவிட்ட நமக்குச் சுளிக்க உரிமையும் இல்லை.

சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான். 2022இல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் திண்டாடினார்கள். அப்புறம் இந்தோனேசியாவிலிருந்து வரவழைத்தார்கள். வெள்ளை அரிசி இறக்குமதியாளர்கள் இரண்டு மாத இருப்பு வைத்தே ஆகவேண்டும் என்பது அங்கே சட்டம்.

கூட்டம்? 1972இல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்றவர்கள், 1987இல் 'வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்' என்றார்கள். இரண்டாவதை அதிகம் பேர் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று 60 லட்சம் பேரில் குடிமக்கள் சுமார் 36 லட்சம்தான்.

தண்ணீரைத் தயாரிக்கலாம், அரிசியை வாங்கலாம். நிலத்துக்குத்தான் வழியில்லை. கடலைத் தூர்த்து 580 சதுர கிலோமீட்டரை 730க்கு மேல் கொண்டுவந்தார்கள். 1997இல் மலேசியாவும் 2007இல் இந்தோனேசியாவும் மணல் தரமாட்டோம் என்றுவிட்டன. வீடும் அப்படித்தான். அரசு அடுக்குமாடி என்றால் 99 வருடக் குத்தகை. பழைய வீடு என்றால் அதில் எத்தனை வருடம் பாக்கி என்று முதலில் மகளிடம் கேளுங்கள்.