அடிக்கல, ஆனா வீல்சேரை எடுத்து வச்சுடுறாங்க

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். வயசு 36, சின்ன வயசுலயே போலியோ, வீல்சேர்லதான் இருக்கேன். அப்பா முன்னாடியே இல்ல, அம்மாவும் போனதுக்கு அப்புறம் அண்ணன் அண்ணியோட இருக்கேன். யாரும் என்னை அடிச்சதில்ல. ஆனா அண்ணிக்கு கோவம் வந்தா வீல்சேரை கொண்டுபோய் மாட்டுக் கொட்டகைல வச்சுடுவாங்க, நான் தரையிலயே நகர்ந்துக்கணும். பாத்ரூம் கூட்டிட்டுப் போகணுமேன்னு தண்ணிய அளந்துதான் தருவாங்க. உதவித்தொகை வர்ற ஏடிஎம் கார்டு அண்ணன்கிட்ட. இப்ப அம்மா பேர்ல இருக்குற வீட்டுக்கு, என் பங்கை விட்டுக்குடுக்குற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேக்குறாங்க. சோறு போடுறவங்க மேல புகார் சொல்றது பாவம் இல்லையா? எதிர்வீட்டுப் பொண்ணு போன்லேர்ந்து அனுப்புறேன்.

பதில்: பாவம் இல்லம்மா. அடிக்கலன்னு நீங்க சொல்றீங்க, நான் ஒத்துக்க மாட்டேன், நடக்குறவங்க காலைக் கட்டிப் போட்டா அதை என்னன்னு சொல்லுவோம், உங்க வீல்சேரை ஒளிச்சு வைக்கிறதும் அதேதான்.

தண்ணி விஷயம் படிச்சதும் மனசு கேக்கல. பாபநாசம் பக்கம் எங்க ஊர்ல பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க, அவங்களுக்கும் நடக்க முடியாது, சாயங்காலம் ஆச்சுன்னா ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க, தாகமே எடுக்காது போலன்னு சின்னப் புள்ளைங்க நாங்க நெனச்சுக்கிட்டோம், யாரை எழுப்புறதுன்னு பயந்துதான் குடிக்கலன்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுது. யாரும் எதுவும் கேக்கல, நானும்தான்.

2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 92, இதை அப்படியே எழுதி வச்சிருக்கு. பாத்துக்குற பொறுப்புல இருந்துக்கிட்டு தெரிஞ்சே சோறு தண்ணி தராம இருந்தாலும் சரி, துணைக்கருவிய பயன்படுத்த விடாம பண்ணாலும் சரி, 6 மாசத்துலேர்ந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில். குடும்ப வன்முறைச் சட்டம் 2005 புருஷன் பொண்டாட்டிக்கு மட்டும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, இல்ல, கூடப் பொறந்தவன் வீட்டுல இருக்குற தங்கச்சிக்கும் உண்டு, பணத்தைப் பிடிச்சு வைக்கிறதும் அதுல வன்முறைதான், வீட்ட விட்டு உங்களை இஷ்டத்துக்கு வெளிய அனுப்பவும் முடியாது.

முதல்ல பெண்கள் உதவி எண் 181க்கு அந்தப் பொண்ணு போன்லேர்ந்தே பேசுங்க, அப்புறம் கால் ஹிஸ்டரிய அழிச்சுடச் சொல்லுங்க. மாவட்ட சமூகநலத்துறைல பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க, உங்க புகாரை எழுதி கோர்ட்டுக்கு கொண்டுபோறது அவங்க வேலை. எங்கயாவது தங்க வைக்கிறோம்னு சொன்னா ராம்ப் இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா, வீல்சேரோட வரலாமான்னு முன்னாடியே கேட்டுடுங்க, கூச்சப்படாதீங்க. உங்களால போக முடியலன்னா உங்களுக்காக யார் வேணா ஆர்டிஓகிட்ட, அதாவது வருவாய் கோட்டாட்சியர்கிட்ட, எழுதிக் குடுக்கலாம், அந்த எதிர்வீட்டுப் பொண்ணே போதும், தகவல் வந்தா உடனே தடுக்குறதும் தேவைப்பட்டா மீட்குறதும் அவர் கடமை. வக்கீலுக்கு காசு வேணாம், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்ட உதவி இலவசம், நம்பர் 15100.

ஏடிஎம் கார்டை மட்டும் இன்னிக்கே பிளாக் பண்ணிடாதீங்க. பணம் வரலன்னு தெரிஞ்ச அன்னிக்கு அண்ணன் கோவம் உங்க மேலதான் திரும்பும், பக்கத்துல ஆள் இருக்காதே. பாதுகாப்புக்கு ஒரு வழி ஆனதும் பேங்க்ல சொல்லிக்கலாம். அதுவரைக்கும் ஆதார், மாற்றுத்திறனாளி அட்டை, பாஸ்புக் மூணையும் அந்தப் பொண்ணு போன்ல போட்டோ எடுத்து வைங்க.

கடைசியா அந்தப் பத்திரம். உங்க அம்மா உயில் எழுதாம போயிருந்தா, இந்து வாரிசுச் சட்டப்படி அந்த வீட்டுல அண்ணனுக்கு எவ்வளவோ அவ்வளவு உங்களுக்கும். நேரா முடியாதுன்னு சொல்றது இப்ப உங்களுக்கு ஆபத்து, அதனால உடம்பு முடியல, ரெஜிஸ்டர் ஆபீஸ் படி ஏற முடியாது, அறுப்பு முடியட்டும்னு தள்ளிப் போடுங்க. அதுக்குள்ள 181க்கு பேசிடுங்கம்மா.