கல்விக் கேள்வி – பதில்: பழைய இடைநிலைப்பள்ளியும் தோட்டத்துப் பிள்ளையும்

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயில்கிறான். எங்கள் பட்டணத்தின் பழைய இடைநிலைப்பள்ளி வாசலில், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்ற மாணவர்களின் படங்களைப் பெரிய பதாகையில் மாட்டியிருக்கிறார்கள். அங்கே சேர்த்தால் இவனும் அப்படித் தேறுவானா, அல்லது தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புதிய பள்ளியே போதுமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: பதாகையில் இருக்கும் பிள்ளைகள் உழைத்துப் பெற்ற புகழ் அது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உங்கள் முடிவுக்கு வேண்டிய செய்தி அந்தப் பதாகையில் இல்லை. இருநூறு பேர் தேர்வு எழுதிப் பத்துப் பேர் எல்லாவற்றிலும் ‘ஏ’ எடுத்திருந்தால், மற்ற நூற்றுத் தொண்ணூறு பேர் என்ன ஆனார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தேர்ச்சி பெறாதவருக்கு, மற்ற பாடங்களில் எத்தனை ‘ஏ’ இருந்தாலும், எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்காது. வரலாற்றுக்கு இந்த நிபந்தனை 2013ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கோ பள்ளி அலுவலகத்துக்கோ சென்று, எத்தனை பேர் தேர்வுக்கு அமர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து, பள்ளியின் சராசரித் தரத்தைக் கேளுங்கள். பள்ளிகளில் அதை ஜி.பி.எஸ். என்பார்கள். இந்தக் கணக்கில் ‘ஏ பிளஸ்’ சுழியத்திலும், ‘ஏ’ ஒன்றிலும், ‘ஏ மைனஸ்’ இரண்டிலும் தொடங்கி, தோல்வியைக் குறிக்கும் ‘ஜி’ ஒன்பதில் முடிகிறது. எனவே எண் குறையக் குறையப் பள்ளி முன்னேறுகிறது என்று பொருள். இதை அறியாமல் ஐந்து, மூன்றை விடப் பெரிது என்று மகிழ்ந்துபோன பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஓர் ஆண்டின் எண்ணை வைத்துக்கொண்டு முடிவு செய்யாமல், மூன்று நான்கு ஆண்டுகளின் எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கடைசி வகுப்பில் இருந்த பிள்ளைகளும் மேலேறினால்தான் அந்தச் சராசரி தொடர்ந்து இறங்கும்; நல்ல மாணவர் பத்துப் பேரால் மட்டும் அதை இறக்கிவிட முடியாது.

ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் மூன்றாம் படிவத்தில் எழுதிவந்த பி.டி.3 தேர்வு 2022இலும் நிறுத்தப்பட்ட பிறகு, தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளை எழுதும் முதல் அரசாங்கப் பொதுத்தேர்வே எஸ்.பி.எம். ஆகிவிட்டது. இடையில் இருக்கும் ஐந்து ஆண்டுகளில், படிவம் ஒன்றுக்கு முன் மலாய்மொழியில் தேறுவதற்காக ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்புக்குப் போகும் பிள்ளையாக இருந்தால் ஆறு ஆண்டுகளில், அவன் பின்தங்குகிறானா என்று சொல்லுவதற்கு வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. பள்ளிதான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் புகுமுக வகுப்பை யார் கற்பிக்கிறார் என்று கட்டாயம் விசாரியுங்கள். ஆறு ஆண்டுகள் தமிழில் கணிதமும் அறிவியலும் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, எல்லாவற்றையும் மலாய்மொழியில் கேட்கும் முதல் ஆண்டு மிகக் கடினமானது. அந்த வகுப்பை அனுபவமுள்ள ஆசிரியரிடம் ஒப்படைக்கும் பள்ளி எதுவோ, அது பழையதானாலும் புதியதானாலும், அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பழைய பள்ளிகளுக்கு ஓர் உண்மையான வலிமை உண்டு: அகலமான திடல், மண்டபம், சாரணர், கேடட் போன்ற சீருடை இயக்கங்கள், விட்டுக்கொடுக்காத முன்னாள் மாணவர் சங்கம். அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாட நடவடிக்கைகளுக்கு நூற்றுக்குப் பத்துப் புள்ளிகள் ஒதுக்கப்படுவதால் இவற்றுக்கு மதிப்பு அதிகம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் இந்தப் பத்துப் புள்ளிகளை இழப்பது திறமைக் குறைவால் அன்று. மதியம் புறப்படும் பேருந்தால். பயிற்சி பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும்; தோட்டத்துக்குப் போகும் வண்டியோ ஒன்றரை மணிக்கே கிளம்பிவிடும். செம்பனைக் காட்டுக்குள் ஏழெட்டு மைல் போக வேண்டிய பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான்? ஆகவே மகனைச் சேர்ப்பதற்கு முன், அதே தோட்டத்திலிருந்து போகும் மற்ற பெற்றோர்களுடன் பேசி, பயிற்சி நாள்களில் மாலை வண்டிக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். அது முடியுமென்றால் பழைய பள்ளிக்கே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: என் மகள் படிவம் நான்கில் இருக்கிறாள். தமிழ்ப்பாடம் எடுத்தால் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெறும் வாய்ப்புக் கெட்டுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அவளுடைய பள்ளியில் தமிழ் வகுப்பும் இல்லை.
– ஒரு தந்தை, தெலுக் இந்தான்

பதில்: அச்சத்தின் காரணமாகத் தாய்மொழியைக் கைவிட வேண்டாம். எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ என்ற பெருமையைக் காப்பாற்றத் தமிழை விலக்கும் வழக்கம் நம்மிடையே வளர்ந்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வகுப்பு இல்லையென்றால் கேட்டுப் பெறுங்கள்: 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும். பதினைந்து கையொப்பங்களுடன் பள்ளி முதல்வருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நம் தோட்டப்புறங்களில் இருந்து இத்தகைய பழைய பள்ளிகளில் படித்துப் பெரிய நிலையை அடைந்தவர்கள் இருக்கிறார்களா?
– படிவம் ஒன்று மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: உன் ஊரிலேயே ஒருவர் இருந்தார், மகளே. 1919ஆம் ஆண்டு சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் கோலகங்சாரில் உள்ள கிளிபர்ட் பள்ளியில் படித்து, பின்னர் தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். சுதந்திர மலாயாவின் அமைச்சரவையில் இடம் பெற்ற அவர், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், அவர்களுடைய சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கும் நோக்கத்துடன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தன் படிப்பு பிறருக்குப் பயன்படும்படி செய்த இந்தச் செயலைத்தான் அவருடைய பள்ளியின் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன். தோட்டப்புறத்தில் பிறக்காவிட்டாலும், பெருந்தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணனின் பாதையையும் நீ அறிந்திருக்க வேண்டும்: பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, 1893இல் நிறுவப்பட்ட விக்டோரியா கல்விக்கூடத்தில் பயின்று, கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்துடன் மெல்பர்ன் பல்கலைக்கழகம் சென்றவர் அவர். உன் பள்ளி மண்டபத்தில் பழைய மாணவர்களின் பெயர்ப் பலகை இருந்தால் ஒருநாள் நின்று படித்துப் பார். தமிழ்ப் பெயர்கள் எந்த ஆண்டுகளில் வருகின்றன, எந்த ஆண்டுகளில் வரவில்லை என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுது.