பழைய வீட்டு சர்வரை மேம்படுத்தலாமா, மாற்றிவிடலாமா?

வீட்டு சர்வர் என்பது படங்களையும் கோப்புகளையும் சேமித்து, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் வழங்க இரவும் பகலும் ஓடும் கணினி. இடம் போதவில்லையென்றால் பெரிய ஹார்ட் டிஸ்க், வேகம் குறைந்தால் கூடுதல் ரேம் (தற்காலிக நினைவகம்). பெரும்பாலும் அதுவே போதும்.

கணினியின் மூளையான பிராசஸரே பழசாகிவிட்டால் நிலைமை வேறு. இன்றைய பிராசஸர், பாகங்களையெல்லாம் தாங்கும் பலகையான மதர்போர்டு பழையதாக இருந்தால் அதில் பொருந்தாது. போர்டை மாற்றினால் டிடிஆர்3 என்ற பழைய வகை ரேமும் உதவாது. ஒன்றைத் தொட்டால் மூன்றையும் வாங்க வேண்டும். வீட்டு மின்விசிறியைப் போலத்தான் இதுவும்: கண்டென்சர் போனால் மாற்றுவோம். உள்ளிருக்கும் கம்பிச்சுருளே எரிந்துவிட்டால் புதியதுதான் மேல்.

மின்செலவைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். 60 வாட் இழுக்கும் கணினி ஆண்டுக்கு ஏறக்குறைய 525 யூனிட் எடுக்கும். 15 வாட் மினி கணினிக்கு 131 யூனிட்தான்.

புதியது வாங்கினால் பழைய டிஸ்குகள் வீண் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தால், நகல் எடுத்துவிட்டு அவற்றையே இணைத்துக்கொள்ளலாம்.