மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறிய நோயாளி: செவிலியருக்கு வந்த நோட்டீஸ்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். நெஞ்சுவலியோடு சேர்ந்த 58 வயது நோயாளியை, செலவு தாங்காது என்று சொல்லி மகன் இரவோடு இரவாக அழைத்துச் சென்றுவிட்டார். எவ்வளவோ கெஞ்சினேன். மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறுவதாக எழுதித் தரும் லாமா (LAMA) படிவத்தில் மகனிடம் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் நோயாளி வீட்டில் இறந்துவிட்டார். இப்போது மருத்துவமனைக்கும் எனக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. டியூட்டி டாக்டர் அன்று வார்டுக்கே வரவில்லை. நிர்வாகமோ என்னைக் குறைசொல்லிவிட்டு, நர்ஸ் நோட்ஸில் சில வரிகளைச் சேர்க்கச் சொல்கிறது.

பதில்: நீங்கள் கெஞ்சியதும் நிர்வாகம் உங்களைக் குறைசொல்வதும் வழக்கின் போக்கை மாற்றப் போவதில்லை. இத்தகைய இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் பார்க்கப் போவது ஒன்றைத்தான்: வெளியேறினால் உயிருக்கு ஆபத்து என்பது அந்த நோயாளிக்குச் சொல்லப்பட்டதா, அதற்கு அந்த நேரத்திலேயே எழுதிய பதிவு உண்டா?

நினைவு தெளிவாக உள்ள வயதுவந்த நோயாளியைத் தடுத்து வைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை; அவர் போனது உங்கள் குற்றமன்று. ஆனால் போவதென்று முடிவெடுக்க வேண்டியவர் அவரே, மகன் அல்லர். 2008இல் சமீரா கோலி வழக்கில், வயதுவந்த பெண்ணுக்காக அவருடைய தாய் தந்த ஒப்புதலையே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மகன் கையெழுத்து மட்டும் உள்ள படிவம் அந்த அளவுக்குப் பலவீனமானது. டாக்டரை எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், அவர் என்ன சொன்னார், கடைசியாகப் பார்த்த ரத்த அழுத்தம் எவ்வளவு, நோயாளியிடம் நேரில் என்ன சொன்னீர்கள் என்பவை உங்கள் குறிப்பில் இருந்தால், அதுவே உங்களுக்குத் துணை.

இல்லாவிட்டாலும் இப்போது ஒரு வரியும் சேர்க்காதீர்கள். என்னிடம் வந்த செவிலியர்கள் பெரும்பாலும் சிக்கியது கவனக்குறைவால் அன்று, பின்னால் திருத்திய பதிவால். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகள் சொல்வதால், எதிர்த்தரப்பிடம் நகல் ஏற்கெனவே இருக்கக்கூடும். அந்த நகலையும் நீங்கள் திருத்திய பதிவையும் அருகருகே வைத்தால் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. கவனக்குறைவுக்கான இழப்பீட்டை ஊழியருக்காக மருத்துவமனை ஏற்கும். பொய்யாவணம் புனைந்த குற்றத்தையோ எழுதிய கைதான் சுமக்க வேண்டும். நிர்வாகம் வாய்மொழியாகச் சொன்னதை மறுத்து, மின்னஞ்சலில் இன்றே பதில் அனுப்புங்கள்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. மருத்துவச் செயல்முறையின்போது நேர்ந்ததென்றால், பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டாண்டு வரை. பதிவுபெற்ற மருத்துவர் என்பதற்கு அந்தப் பிரிவு தரும் விளக்கத்துக்குள் செவிலியர் வரவில்லை. ஆகவே டாக்டருக்கும் உங்களுக்கும் நலன் ஒன்றே என்று நம்பி, எல்லோருக்கும் சேர்த்து வாதாட அதிகாரம் கேட்டு மருத்துவமனை வழக்கறிஞர் நீட்டும் பொது வக்காலத்தில் கையெழுத்திடாதீர்கள். தனி வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் வராமலேயே நோயாளி வெளியேறிய இந்த வழக்கை நடத்திப் பார்க்கும்படி நான் சொல்ல மாட்டேன். மருத்துவமனையின் காப்பீட்டு நிறுவனத்தைக் கொண்டு குடும்பத்தோடு சமரசம் பேச வையுங்கள். மருத்துவமனையை மட்டும் விடுவித்து எழுதிய சமரசப் பத்திரம் உங்களைக் காக்காது. உங்கள் பெயரும் பதிவு எண்ணும் அதில் வெளிப்படையாக இருந்த பிறகே பணம் கைமாற வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞர் எழுத்தில் கேட்கட்டும்.