போக்குவரத்துக் காவலர்கள் கேட்கிறார்கள்: சங்கம், வார ஓய்வு, சம்பளம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் போக்குவரத்துக் காவலர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பியவற்றில் சில கேள்விகள் இவை. பெயர் வேண்டாம் என்றார்கள். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

மின்வாரியத்திலும் பஸ் டிப்போவிலும் சங்கம் வைத்துச் சம்பளம் பேசுகிறார்கள். ரவுண்டானாவில் புகையைத் தின்னும் நாங்கள் ஏன் பேசக் கூடாது? (தலைமைக் காவலர், கிருஷ்ணகிரி)

கேரளத்தில் அரசு அங்கீகாரத்தோடு காவலர் சங்கம் இயங்குகிறது. 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதி இல்லாமல் சங்கத்தில் சேரக் கூடாது என்றுதான் சொல்கிறது. நமக்கு அந்த அனுமதி இல்லை. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைக்குப் பேசவும் அதே சட்டம் தடை போடுகிறது. எனவே யூடியூப் பேட்டி வேண்டவே வேண்டாம்.

வேலைநிறுத்தம் கூடாது என்றால் ஒத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேர வேலை கேட்டு உட்கார்ந்து பேச ஓர் இடம்கூட இல்லை என்பது அநியாயம். காவலர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று போட்ட வழக்கில் 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஷிப்ட் முறை, கூடுதல் சம்பளம் பற்றியெல்லாம் பேசியது. 2022-இல் நீதிபதி சி.டி.செல்வம் தலைமையில் காவல் ஆணையமும் அமைந்தது. ஆக, கோரிக்கை நியாயமானது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இப்போதைக்குத் தனித்தனி மனுதான் வழி.

வார ஓய்வு என்று போட்டிருக்கும். காலையில் பந்தோபஸ்து என்று போன் வரும். யாரிடம் சொல்வது? (முதல்நிலைக் காவலர், தருமபுரி நான்கு ரோடு)

அதிகமாக வந்தது இந்தக் கேள்விதான். இரண்டாம்நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது 2021-லேயே வந்த ஆணை. ஓய்வு நாளில் வேலை வாங்கினால் மிகை நேர ஊதியம் உண்டு என்றும் அப்போதே சொல்லியாகிவிட்டது. வாயால் கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். நீங்கள் ஒரு நோட்டில் தேதி, ஓய்வா டூட்டியா, எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை வரை, யார் அனுப்பினார் என்று எழுதிவாருங்கள். மூன்று மாதம் சேர்ந்ததும் மனு எழுதுங்கள்: "கீழ்க்கண்ட தேதிகளில் வார ஓய்வு எனக்கு வழங்கப்படவில்லை. அந்நாட்களுக்குரிய மிகை நேர ஊதியம் வழங்க வேண்டுகிறேன்." அவ்வளவுதான். அதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது, "நாங்கள்" என்றும் எழுதக் கூடாது. இன்ஸ்பெக்டர் வழியாக எஸ்.பி.க்குப் போகட்டும். ரைட்டரிடம் (ஸ்டேஷன் எழுத்து வேலை பார்ப்பவர்) கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

பிரசவ விடுப்பு முடிகிறது. வேலை ஓசூர் சிக்னலில். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா இருப்பது அரூரில். (பெண் காவலர்)

மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் காவலர்களுக்கு, பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் மாவட்டத்தில் 3 ஆண்டு பணி தரப்படும் என்று 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் அறிவித்தார். ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டம், அரூர் தருமபுரி மாவட்டம். அதனால் உங்களுக்கு இது நேராகப் பொருந்தும். விடுப்பு முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே மனு கொடுங்கள், தாயே. குழந்தையின் பிறப்புச் சான்றும் அம்மாவின் ரேஷன் கார்டு நகலும் சேர்த்துக் கொடுங்கள்.

அவர் பயப்படுகிறார். அவருக்காக நான் மனு போடலாமா? (காவலரின் மனைவி, பாலக்கோடு)

தாராளமாக. முதல்வரின் தனிப்பிரிவுக்கு உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். அவர் உடல்நிலை கெட்டிருந்தால் மருத்துவச் சீட்டையும் இணையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: காவலர்களை வேலைக்குப் போகாதே என்று தூண்டுவது 1922-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது வெளியாட்களுக்கும் பொருந்தும்.

இந்த வருட இன்கிரிமென்ட் ஏறவே இல்லை. (இரண்டாம்நிலைக் காவலர், காவேரிப்பட்டணம்)

18,200 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தவருக்கு முதல் இன்கிரிமென்டில் 18,700 வர வேண்டும். முதலில் பணிப்பதிவேட்டைப் பாருங்கள். தண்டனையாக நிறுத்தியிருந்தால் அதில் பதிவு இருக்கும். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். பதிவே இல்லையென்றால் அது ஆபீஸ் தாமதம். எஸ்.பி. அலுவலகத்தில் உங்கள் சம்பளப் பில் போடும் பிரிவுக்கு ஒரு பக்க மனு போதும்.