வலி வருமுன்பே கருப்பை வாய் இளகுமா?

கேள்வி: எனக்கு 38 வாரம். வலி எதுவும் இல்லை. ஆனால் பரிசோதித்த டாக்டர், "கருப்பை வாய் இளக ஆரம்பித்துவிட்டது" என்கிறார். வலி வந்து அழுத்தினால்தானே அது இளகும்?

பதில்: படிக்கிற காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் பேராசிரியை, "உன் மூக்கு நுனியைத் தொட்டுப் பார், அப்புறம் உதட்டைத் தொட்டுப் பார்" என்றார். கர்ப்பம் இல்லாதபோது கருப்பை வாய் மூக்கு நுனி மாதிரி விறைப்பாக இருக்கும். கர்ப்பமானதும் உதடு மாதிரி ஆகும். அந்த இளக்கம் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. உங்களுக்கும் அப்போதே தொடங்கியிருக்கும், தெரிந்திருக்காது.

கருப்பையின் மேல்பகுதி தசை. வாய்ப்பகுதியில் தசை குறைவு. பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நார்தான். கயிறு போல முறுக்கி, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்த நார். கர்ப்பத்தில் பழைய நார் கரைந்து, முடிச்சு குறைவான புது நார் அந்த இடத்துக்கு வருகிறது. கடைசி வாரங்களில் ஹையலுரானிக் அமிலம் பெருகும். ஆமாம், முகக் கிரீம் டப்பாக்களில் எழுதியிருக்கிறார்களே, அதுவேதான்! அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். நார்கள் விலகி, பஞ்சு போலாகும். இதைத் தூண்டுவதில், உடலே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவரை வாயை இறுக்கிப் பிடித்திருந்த, கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் அளவு ரத்தத்தில் குறைவதில்லை; அதன் பேச்சு அங்கே எடுபடாமல் போகிறது, அவ்வளவுதான்.

இளகாத வாயோடு வலி மட்டும் வந்தால் பிரசவம் இழுத்துக்கொண்டே போகும். அதனால்தான் வலியைத் தூண்டும் முன் டாக்டர்கள் வாயின் மென்மை, நீளம், திறப்பு, அது இருக்கும் திசை, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 1964-இல் பிஷப் என்ற மருத்துவர் வகுத்த கணக்கு அது. மதிப்பெண் குறைவாக இருந்தால் வைக்கும் ஜெல்லில் இருப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான்.

அதற்காக நாளைக்கே வலி வந்துவிடும் என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார வேண்டாம். இந்த நிலையில் சிலருக்கு இரண்டு வாரம்கூட ஓடும். லேசாக ரத்தம் கலந்த சளி மாதிரி பட்டால் பதற வேண்டாம், வாயை அடைத்திருந்த சளி விலகுகிறது. ஆனால் தண்ணீர்க்குடம் உடைந்தாலோ, ரத்தம் அதிகமாகப் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, வலிக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்பிவிடுங்கள்.